கடைமடையை மறக்கிற கட்சி

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரிய கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் நாலு பேரோடு வந்து இறங்கினார். பூத் கமிட்டிக்கு ஆள் சேர்க்க வந்தவர். கையில் வாக்காளர் பட்டியல். தெரிந்த பிள்ளைதான். அவருடைய அப்பாவும் நானும் ஒரே வயலில் நாற்றுப் பறித்தவர்கள்.

"என்ன தம்பி, இந்த வருசமாவது நம்ம வாய்க்காலைக் கடைசி வரைக்கும் தூர்வாருவாங்களா? உங்க ஆளுங்ககிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே பட்டியலைப் புரட்டினார். "பெரியப்பா, உள்ளதைச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. உங்க பூத்துல எழுநூத்துச் சொச்சம் ஓட்டு. அதுல இருநூறு பேரு திருப்பூர்லயும் சென்னையிலயும் கிடக்கான். மிச்சத்துல பாதி எப்பவும் எங்களுக்குப் போடும். பாதி எப்பவும் போடாது. இதுக்கு மேல இங்க செலவு பண்ணி என்ன ஆகப்போவுது? மேல உள்ளவங்க இப்படித்தான் கணக்குப் பாக்குறாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கட்சி மட்டுமல்ல, எல்லாக் கட்சியும் போடுகிற கணக்குதான் அது. 'நமக்கே விழுகிற ஓட்டு' என்று ஒரு கட்சி எங்களை மறக்கிறது. 'நமக்கு விழாத ஓட்டு' என்று இன்னொரு கட்சி மறக்கிறது. இரண்டு பேர் கணக்கிலும் வாய்க்கால் தூர்ந்துதான் கிடக்கிறது. அன்றைக்கு அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் யோசித்து இப்போது எழுதுகிறேன். அந்தக் கணக்கு தப்பு. எங்களுக்கு மட்டும் கெடுதல் என்பதால் சொல்லவில்லை. கட்சிக்கும் அது நட்டக் கணக்குதான்.

பூத்தூவல் எங்களுக்கு இல்லை

வெளி மாவட்டத்து உழவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றுத் தண்ணீர் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு என்று கிளைத்துக் கிளைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடைசியில் எங்களிடம் வருகிறது. அதற்கு அப்பால் கடல்தான். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் கடைமடை என்று பெயர்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து பூத்தூவுகிற படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறக்கும். அந்தத் தண்ணீரில் தலைமடையில் குறுவை நடுவார்கள். எங்களுக்குக் குறுவை கிடையாது, சம்பா ஒருபோகம்தான். அதற்கான தண்ணீரும் வாரக்கணக்கில் தவழ்ந்து வந்தால் உண்டு. வழியில் ஒரு மதகு பழுதானாலும், ஒரு கல் தொலைவுக்கு ஆகாயத்தாமரை அடைத்தாலும், பழி எங்கள் தலையில்தான் விழும்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். 2024-லும் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அணை தாமதமாகத் திறந்தால் தலைமடைக்குக் குறுவை போகும், சம்பா நிற்கும். எங்களுக்கு அந்த ஒருபோகமும் ஆட்டம் காணும். காலம் தள்ளித் தெளித்த நெல் பால் பிடிக்கிற நேரத்தில், வழக்கப்படி ஜனவரி 28-ல் அணையை மூடிவிடுவார்கள். தெளித்த கையோடு மழை கொட்டினாலோ, மேலே இருந்து வடிகிற தண்ணீரும் எங்கள் வயலில்தான் வந்து நிற்கும். ஆடியில் கேட்டால் வராத தண்ணீர் ஐப்பசி கார்த்திகையில் கேட்காமலே வரும். எங்கள் பக்கத்தில் சொல்வோம்: "காய்ஞ்சாலும் நாமதான் மொதல்ல, அழுவுனாலும் நாமதான் மொதல்ல."

எல்லாருக்கும் ஒரே திட்டம் என்றால்

கட்சிக்காரர்களிடம் கேட்டால் உடனே பட்டியல் வாசிப்பார்கள். இலவச மின்சாரம், பயிர்க் காப்பீடு, நெல்லுக்கு ஊக்கத்தொகை. எல்லாம் நல்ல திட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைமடைக்கு வந்து சேரும்போது அவை என்ன ஆகின்றன என்று பாருங்கள்.

இலவச மின்சாரம் சும்மா வரவில்லை. 1970-களில் கொங்குச் சீமை உழவர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களின் பலனாக, 1990-ல் எல்லா உழவர்களுக்கும் இலவசம் ஆயிற்று. உழவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் அது. ஆனால் எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மோட்டார் இருந்தும் பயனில்லை. தலைமடையில் ஆறு வராவிட்டாலும் ஆழ்குழாய்க் கிணற்றை வைத்துக் குறுவையைக் காப்பாற்றிக் கொள்ளலாம். எங்களுக்கு வாய்க்கால் ஒன்றுதான் வழி. மின்சாரத்தில் தலைமடைக்குச் செய்ததை எங்களுக்குத் தூர்வாரலில்தான் செய்ய முடியும்.

நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி வந்தது. சாதாரண ரகத்துக்கு அந்த 2,500 கைக்கு வந்தது 2025-26 கொள்முதல் பருவத்தில், அடுத்த தேர்தல் வாசலில் நிற்கும்போது. சரி, வந்தவரை நல்லது. ஆனால் விலை கிடைக்க ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடல் காற்றும் பனியும் அடிக்கிற எங்கள் ஊரில் தைப்பனியில் அறுத்த நெல் அந்த அளவுக்குக் காய நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். காயப்போடக் களம் வேண்டும். களம் இல்லாமல் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறோம். 2025 அக்டோபர் மழையில் டெல்டாவில் குவிந்து கிடந்த குறுவை நெல் நனைந்து முளைத்தபோது கட்சித் தலைவர்கள் வரிசையாக வந்து முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். அதையே தையில் எங்கள் சம்பா நனையும்போது யாராவது வந்து பார்த்தால் தேவலை.

நிவாரணம் வந்தாலும் அது நிலத்துக்குத்தான் வரும். 2023 பிப்ரவரி மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோது, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நிலத்துக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். அந்த வயலில் வேலை செய்கிறவருக்குப் பட்டா இல்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கடைமடை ஓட்டில் பெரும் பகுதி அவர்களுடையது. கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, சீர்காழி, திருவிடைமருதூர் நான்கும் தனித் தொகுதிகள் என்பதை மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ல் 44 உயிர்களைப் பலி கொடுத்த கீழ்வெண்மணி இந்த மண்தான். 'எப்பவும் போடும் ஓட்டு' என்று இந்த மக்களைச் சொல்கிறவர்களுக்கு இந்த ஊர் வரலாறு தெரியாது.

கணக்கு எங்கே தப்பு?

தஞ்சாவூரில் 8, திருவாரூரில் 4, நாகப்பட்டினத்தில் 3, மயிலாடுதுறையில் 3. நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து 18 சட்டமன்றத் தொகுதிகள். சென்னைக்கு 16. 2008 மறுசீரமைப்பில் குத்தாலம், வலங்கைமான், திருவோணம் தொகுதிகள் காணாமல் போயின. கீழ்வேளூர் புதிதாக வந்தது. அதே மறுசீரமைப்பில் சென்னை 14-லிருந்து 16 ஆயிற்று. சனம் நகரத்துக்குப் போகப் போக எங்கள் தொகுதிகள் குறையும், நகரத்துத் தொகுதிகள் கூடும். அந்தத் தம்பி சொன்ன கணக்கின் அடிப்படை இதுதான். சுருங்குகிற வட்டாரத்தில் எதற்குச் செலவு என்பது.

நான் மூன்று பதில் சொல்கிறேன்.

முதலாவது, அந்த இருநூறு பேர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறவன் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து அவன் கேட்கிற முதல் கேள்வி, "அப்பா, தண்ணி வந்துட்டா?" இங்கே வாய்க்கால் காய்ந்தால் அந்தக் கோபம் அங்கே உள்ள வாக்குச்சாவடிக்கும் போகும். கடைமடையில் விதைக்கிற நன்றியும் வெறுப்பும் கடைமடையோடு நிற்பதில்லை.

இரண்டாவது, பாதிப் பாதி என்று சொன்னாரே, அந்த ஊரில்தான் ஐம்பது ஓட்டு நகர்ந்தால் முடிவே மாறும். எப்பவும் போடும், எப்பவும் போடாது என்று இரண்டு பக்கமும் கைவிட்ட இடத்தில், முதலில் வந்து உண்மையாக ஒரு வேலையைச் செய்கிற கட்சிக்குப் போட்டியே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்றால் என்ன பொருள்? மேட்டூரிலிருந்து எங்கள் ஊர் வரை ஒவ்வொரு மதகும் வேலை செய்கிறது, ஒவ்வொரு வாய்க்காலும் தூர்வாரியிருக்கிறது, முறை வைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். தலைமடை நனைந்ததை வைத்து ஆட்சியை அளக்க முடியாது. அது எந்த ஆட்சியிலும் நனையும். கடைசி ஆளுக்குக் கிடைத்ததா என்று பார்த்தால்தான் நடுவில் உள்ள அத்தனை பேருக்கும் கிடைத்தது தெரியும். ரேஷனும், பள்ளிக்கூடமும், மருத்துவமனையும் இப்படித்தான். கடைமடையைக் கவனிக்கிற கட்சி, வழியில் உள்ள எல்லாரையும் தன்னையறியாமல் கவனித்துவிடும். கடைமடையை விட்டுவிட்ட கட்சிக்கு எங்கே ஒழுகுகிறது என்பதே தெரியாமல் போகும்.

பங்காளியின் குட்டை

இதை நான் தள்ளி நின்று எழுதவில்லை. என் வயலுக்கு அடுத்த வயல் என் பங்காளியுடையது. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். இரண்டு சம்பா அடுத்தடுத்துப் போயிற்று. ஒன்று காய்ந்தது, மற்றொன்று மூழ்கியது. போன வருசம் ஒரு வெளியூர் ஆள் வந்து இறால் குட்டை வெட்டக் குத்தகைக்குக் கேட்டார். நெல்லில் மூன்று வருசம் கண்ணில் பார்க்காத பணத்தை ஒரே வருசத்துக்குப் பேசினார்.

பங்காளி என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க வேணாம்னா நான் விடல. ஆனா பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

நான் என்ன சொல்வது? என் வயலில் பதினோரு வருசமாக உரக்கடைப் பக்கம் போகாமல், சாணமும் ஆட்டுக்கிடையும் பசுந்தாள் உரமும் போட்டு மண்ணைத் தேற்றி வைத்திருக்கிறேன். உப்பைத் தாங்குகிற குழியடிச்சான் நெல்லை விதைக்காகவே தனியாக வைத்துக் காப்பாற்றுகிறேன். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளிக்கிற உளுந்து பச்சைப்பயறுதான் எங்கள் கைச்செலவு. பக்கத்தில் உப்புத் தண்ணீர் குட்டை வந்தால், உப்பு வரப்புக்குக் கீழே ஊறி வரும். பட்டா வேறு என்று அதற்குத் தெரியாது. குழியடிச்சானுக்கும் ஒரு அளவு உண்டு.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா எங்கள் கடற்கரைக்காகத் தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேளாண் நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லாதவனிடம் தீர்ப்பைக் காட்டி எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும்? பங்காளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "இந்தச் சம்பா பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்று தள்ளி வைத்திருக்கிறார். வருகிற தேர்தலில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்த ஒன்பது மா இருக்கிறது என்பேன். அது குட்டையானால் அடுத்து என்னுடையது. ஒரு தடவை உப்பேறிய வயலை எந்த ஆட்சி வந்தும் ஐந்து வருசத்தில் திருப்ப முடியாது.

மறந்தால் நினைவூட்டத் தெரியும்

டெல்டாவை மறந்த கட்சிகள் பிறகு என்ன ஆயின என்பதும் அண்மை வரலாறுதான். 2010-ல் ஒன்றிய அரசு மீத்தேன் எடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. 2011 தொடக்கத்தில் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டது. ஊர் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து எடுத்துச் சொன்னார். அந்தப் பரப்புரையின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது. மக்கள் விடவில்லை. 2015-ல் மீத்தேன் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது. 2017-ல் ஹைட்ரோகார்பன் என்று வேறு பெயரில் வந்தபோது நெடுவாசல் எழுந்தது, கதிராமங்கலம் எழுந்தது. 2020 பிப்ரவரியில், தேர்தலுக்கு ஓராண்டு இருக்கும்போது, பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

இதில் ஒரு கட்சியைப் புகழவோ ஒரு கட்சியைத் திட்டவோ எனக்கு விருப்பமில்லை. ஒப்பந்தம் போட்டவர்களும் பிறகு எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களிடமும் குறை இருந்தது. அந்தச் சட்டமே ஏற்கெனவே இயங்குகிற எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு இந்த வட்டாரம் சின்னதாகத்தான் தெரிந்தது. சனம் தெருவுக்கு வந்த பிறகுதான் பெரிதாகத் தெரிந்தது. ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கலைஞர் பிறந்த திருக்குவளை எங்கள் கடைமடையில்தான் இருக்கிறது. இந்த மண்ணுக்கு அரசியல் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் ஊர் கேட்கப் போவது

போன வாரம் எங்கள் உழவர் குழு கூடியது. இருபத்தாறு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். யாருக்கு ஓட்டு என்று பேசவில்லை, அது அவரவர் மனசு. எல்லாக் கட்சியிடமும் ஒன்றுபோல் என்ன கேட்பது என்று மட்டும் பேசினோம். மற்ற கடைமடை ஊர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஒன்று. தூர்வாரும் வேலை தண்ணீர் வருவதற்கு முன்பே, சித்திரை வைகாசிக்குள் முடிய வேண்டும். எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம் என்று ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். வேலை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மேலே தொடங்கினால் பணம் எங்களிடம் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

இரண்டு. கடைமடை மதகில் தினமும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதை எழுதிப் போட வேண்டும். மேட்டூரின் அடிக்கணக்கு எல்லாருக்கும் தெரிகிறது. எங்கள் மதகின் கணக்கு யாருக்கும் தெரியவில்லை.

மூன்று. கடல் நீர் ஏறாமல் தடுக்கிற கடைமடை இயக்கணைகளின் ஷட்டர்களை ஐப்பசி மழைக்கு முன்பு பழுது பார்க்க வேண்டும். அதே ஷட்டர்தான் வெள்ளம் வடியவும் வழி.

நான்கு. ஊருக்கு ஒரு நெல் களமும், சில ஊர்களுக்குச் சேர்த்து ஓர் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். உப்பையும் வெள்ளத்தையும் தாங்குகிற மரபு நெல்லுக்குத் தனி விலை வைத்துக் கொள்முதல் செய்ய வேண்டும். நெல் ஜெயராமன் பெயரில் திட்டம் இருக்கிறது, விதையும் கிடைக்கிறது. விளைந்ததை விற்கத்தான் வழியில்லை.

ஐந்து. பயிர் போனால் நிலமில்லாத தொழிலாளர் குடும்பத்துக்கும் நிவாரணம் வேண்டும். இதைச் சொன்னவர் குழுவில் உள்ள ஒரு அக்கா. "வயலு உங்களது, பசி எங்களுதும்தானே" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கடைசியாக இன்னொரு முடிவும் எடுத்தோம். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் ஆரத்தி, பொன்னாடை எதுவும் கிடையாது. தெருவிலிருந்து கடைசி மதகு வரை ஒன்றரைக் கிலோமீட்டர் வாய்க்கால் கரையில் எங்களோடு நடக்க வேண்டும். மதகடியில் நாற்காலி போட்டு வைத்திருப்போம், மோர் கொடுப்போம். அங்கே உட்கார்ந்து பேசட்டும்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "எங்க ஆளு அவ்வளவு தூரம் நடப்பாரான்னு தெரியல பெரியப்பா" என்றார். "நடக்கலன்னா அதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாளைக்குக் காலையில நான் வர்றேன், மொதல்ல எனக்குக் காட்டுங்க" என்றார்.

வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். வழியில் ஆகாயத்தாமரை அடைத்த இடங்களை எண்ணினோம். பதினான்கு. அதைத் தன் வாக்காளர் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.